மேட்டுப் பக்கம்

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதனால் வருகிற காயங்கள்தான். குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் கட்டுப் போடுகிற வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் நொண்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். ஒருவனுக்கு முழங்கால் சிராய்ப்பு, இன்னொருவனுக்குக் கணுக்கால் வீக்கம், மூன்றாமவனுக்கு ஒன்றுமே இருக்காது, அவன்தான் அதிகமாக முனகுவான். எல்லோருக்கும் மருந்தைவிட லீவுச் சீட்டு முக்கியம். அந்த வரிசையின் கடைசியில், எனக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரும் நிற்பார்.

அவர்தான் எஸ்டேட் டீமின் கோல்கீப்பர். ஃபேக்டரியில் தேயிலையைக் காயவைக்கிற டிரையர் ரூமில் வேலை. நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. வீட்டுப் படி ஏறினால் இரண்டு முழங்காலும் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோலச் சத்தம் போடும். ரேஷன் அரிசி மூட்டையைத் தூக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். ஆனால் பந்து வருகிறது என்றால் காற்றில் படுத்துவிடுவார். இந்த மனுஷனுக்கு உடம்பு ஒன்றா இரண்டா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் சமமான இடம் கிடைத்தால் அதில் தேயிலை நடுவார்கள், அல்லது பங்களா கட்டுவார்கள். விளையாட்டுக்கு என்று விடுவது இரண்டுக்கும் ஆகாத இடத்தைத்தான். எங்கள் மைதானம் ரோட்டுப் பக்கம் மேடு, ஓடைப் பக்கம் பள்ளம். முறம் சாய்த்துப் பிடித்த மாதிரி இருக்கும். நடுப்புள்ளியில் பந்து நிற்பதற்காகவே குதிகாலால் சின்னதாக ஒரு குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். எஸ்டேட் சனங்கள் எல்லோரும் ரோட்டோரத்து மேட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். பள்ளத்துப் பக்கம் யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் பந்து பொறுக்கியே பொழுது போய்விடும்.

கோல் கம்பத்துக்கு வலையும் கிடையாது. கம்பத்தைத் தாண்டுகிற பந்து நேராக ஓடைக்குத்தான் போகும். கோல் விட்டவன்தான் போய் எடுத்து வர வேண்டும் என்பது எங்கள் எஸ்டேட்டில் எழுதாத சட்டம். தேயிலைச் செடிக்குள் இறங்கி, அட்டைக் கடி வாங்கி, சில நாட்கள் காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு ஏறி வர வேண்டும். என் வீட்டுக்காரர் நல்ல கோல்கீப்பர் ஆனதற்குத் திறமை காரணமில்லை, அந்த ஏற்றம்தான் காரணம் என்று நான் சொல்வேன். அவருக்குக் கோபம் வரும்.

இந்த ஆட்டத்தின்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. என் அம்மா வீடு இருக்கிற காரமடையில் தம்பி கல்யாணத்துக்கு எல்லோரும் முந்தின நாளே போய்விட்டோம். இவர் காலையில் ஒரு மேட்ச், முடித்துவிட்டு ஓடி வருகிறேன் என்றார். தாலி கட்டியாகி, முதல் பந்தி எழுந்த பிறகு வந்து சேர்ந்தார். பெண் வீட்டார் எங்கே உங்கள் வீட்டுக்காரர் என்று கேட்டுக் கேட்டு, நான் பதில் சொல்லிச் சொல்லி, வாய் வலித்துப் போயிருந்தது. குடும்பப் போட்டோவில் பட்டு வேட்டியோடு நிற்கிறார், காதுக்குப் பின்னால் சேறு. அந்தப் போட்டோவைத் தம்பி கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறான். போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்டுவிரலை உடைத்துக்கொண்டு வந்தார். டிஸ்பென்சரி பூட்டியிருந்ததால் வீட்டிலேயே உட்காரவைத்து, ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை தாங்கட்டும் என்று பட்டை வைத்துக் கட்ட ஆரம்பித்தேன். விரல் என் கையில் இருந்தது. பேச்சுவார்த்தைக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"ஏனுங்க, எப்பத்தான் இதை நிறுத்தறதா உத்தேசம்?"

நான் இழுத்துக் கட்டவில்லை. விரலைச் சும்மா பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோத்த அன்னைக்கு நிறுத்திக்கறேன் புள்ள" என்றார்.

வாய்ப்பேச்சை நம்ப நான் என்ன புதுப்பெண்ணா? விரல் கூடியதும் எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கற்பூரத்தை அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். அடுத்ததாக எந்தப் போட்டியில் ஆடுகிறாரோ அதில் தோற்கிற அன்றோடு கையுறையைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். அவரும் பூசாரி சாட்சியாகச் சொன்னார். பூசாரியும் அதே டீமில் முன்பு ஆடியவர்தான், விபூதி கொடுக்கும்போது அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அந்த அடுத்த போட்டி அகில இந்தியக் கோப்பையாக இருக்கும் என்று நான் கண்டேனா? அந்த வருஷம் தொடக்கச் சுற்றுகளில் மாவட்ட டீம்களும் கலந்துகொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். டீமுக்குக் கோச் மாதிரி இருந்தவர் எங்கள் ஃபீல்டு ஆபீசர். அவர் டீமின் பேரைக் கொடுத்துவிட்டு வந்து, டிஸ்பென்சரி வாசலில் நின்று எனக்கு விளக்கினார். இது நாக்-அவுட் முறையாம். ஒரு தடவை தோற்றால் போதுமாம், அப்படியே வெளியே. அடுத்த வாரம், புள்ளி, திரும்ப ஒரு வாய்ப்பு என்கிற பேச்சே கிடையாதாம்.

கால்பந்தில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான். நாடு முழுக்க இருந்து டீம்கள் வருகிற போட்டி, இவர்கள் எங்கே தேறப் போகிறார்கள், முதல் சுற்றிலேயே கதை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். காரமடைக்கு எந்த ஞாயிறு போகலாம் என்றுகூட அம்மாவிடம் போனில் பேசி வைத்துவிட்டேன். அது போதாதென்று, இவர்களைத் தோற்கடித்துக் கொடு தாயே, ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று மாரியம்மனிடம் தனியாக ஒரு வேண்டுதலும் வைத்தேன்.

மாரியம்மனுக்கும் ஃபுட்பால் பைத்தியம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கோடை சீசன் என்பதால் ஊட்டியில் மைதானம் கிடைக்கவில்லை. மாவட்ட அளவிலான சுற்றுகள் எங்கள் எஸ்டேட்டிலேயே நடந்தன. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி மைதானத்தைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்தார். அது உருண்டு போனது. அவர் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து, வேறு இடமில்லையா என்று கேட்டார். ஃபீல்டு ஆபீசர், இருக்கிறதிலேயே சமமான இடம் இதுதானுங்க என்று பணிவாகச் சொன்னார். அது பொய்யும் இல்லை.

முதலில் வந்தது ஊட்டி டீம். நல்ல பூட்ஸ், ஒரே நிறச் சட்டை, டீமுக்கென்று தனியாக ஒரு டாக்டர்கூட வந்திருந்தார். அவர் என்னிடம் வந்து மரியாதையாகப் பேசியதில், இவர்கள்தான் என்னைக் காப்பாற்றப் போகிறவர்கள் என்று நம்பினேன். ஆனால் அவர்கள் நேராக உதைத்த பந்தெல்லாம் வளைந்து ஓடைக்குப் போனது. எங்கள் ஆட்கள் மேட்டைப் பார்த்து உதைப்பார்கள், பந்து தானாகச் சரிந்து வந்து போக வேண்டிய காலில் சேரும். பிறந்ததிலிருந்து அப்படி உதைத்தே பழகியவர்கள். ரோட்டில் நிறுத்தியிருக்கிற பஸ்ஸைக் குறிவைத்து உதைத்தால் பந்து கோலுக்குப் போகும். என் வீட்டுக்காரரும் கோலின் நடுவில் நிற்க மாட்டார், பள்ளத்துக் கம்பத்துப் பக்கம் ஓர் எட்டுத் தள்ளித்தான் நிற்பார். எந்தப் பந்தும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும் என்று அவருக்குத் தெரியும். ஊட்டி டீம் தோற்றுப்போனது. டாக்டர் போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து கூடலூர்ப் பக்கத்து டீம். அவர்கள் வேறு ரகம். செண்டை மேளத்தோடு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அதில் ஒருவன் பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடினான். அவன் திரும்பினால் பந்தும் திரும்பும். பாதி ஆட்டம்வரை அவர்கள் கைதான் ஓங்கி இருந்தது, நான் மேட்டில் உட்கார்ந்து நிம்மதியாகக் கடலை தின்றுகொண்டிருந்தேன். அப்போது ஓடையிலிருந்து இரண்டு காட்டெருமைகள் ஏறி வந்து மைதானத்தின் நடுவில் நின்றன. எங்களுக்கு இது புதிதில்லை, அதுகளாகப் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டே நின்றார், ஊதலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. டூரிஸ்டுகள் காரை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். எருமைகள் ஆற அமரப் புல் மேய்ந்துவிட்டுப் போவதற்குள் பனி இறங்கி, கூடலூர்க்காரர்களுக்குக் குளிரில் கால் விறைத்துவிட்டது. எங்கள் ஆட்கள் அதற்குள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு டீ குடித்து முடித்திருந்தார்கள். மீதி ஆட்டத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜெயித்த டீம் அடுத்ததாகக் கோயம்புத்தூரில் ஆட வேண்டும். வீட்டுக்கு வந்து அவர் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடும்போது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

கோயம்புத்தூருக்கு இரண்டு பஸ் பிடித்துப் போனோம். எஸ்டேட் லைன் வீடுகளில் படுக்கையோடு கிடந்தவர்களைத் தவிர எல்லோரும் வந்தார்கள். நான் வருவதில்லை என்றுதான் இருந்தேன். ஃபீல்டு ஆபீசர்தான் மருந்துப் பெட்டியோடு ஓர் ஆள் வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். அந்த மனுஷன் கையுறையைக் கழற்றுவதை நேரில் பார்க்க எனக்கும் ஆசை இருக்காதா? மலை இறங்கும்போது பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டர்கள் கழன்றன. கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஆட்கள் அடுப்புப் பக்கத்தில் வைத்த கீரை மாதிரி இருந்தார்கள்.

மைதானம் சிமெண்டுத் தரைபோலச் சமமாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் கேலரி, எதிர்ப்பக்கம் காம்பவுண்டுச் சுவர். கோல் கம்பத்தில் வெள்ளை வலை கட்டியிருந்தது. ஆட்டத்துக்கு முன்பு என் வீட்டுக்காரர் அந்த வலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் கேலரியில் வரிசையாக உட்கார்ந்து புளிச்சோற்றைத் திறந்தோம்.

ஆட்டம் ஆரம்பித்ததும் முதல் பந்து எங்களிடம்தான் வந்தது. இரண்டாவதும் எங்களிடமே வந்தது. மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரியின் டிபன் கேரியரில் பட்டு மூடி பறந்தது. எங்கள் ஆட்கள் யாருக்கு உதைத்தாலும் பந்து கோட்டைத் தாண்டிக் கேலரிக்கே வந்தது. பக்கத்து வீட்டுக்காரி இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், கொழுந்து எடுக்கிறவள், எதற்கும் அசராதவள். பந்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்:

"என்னாங்கக்கா இது, எல்லாம் நம்மகிட்டயே வருது? நம்மளையும் எறங்கி ஆடச் சொல்றாங்களா?"

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆட்கள் வெளியே உதைக்க உதைக்க, அவர்கள் எடுத்து வந்து ஆடினார்கள். அவர்களில் ஒருவன் கோலைப் பார்த்து உதைத்தான். என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஓர் எட்டுத் தள்ளிச் சுவர்ப் பக்கத்துக் கம்பத்தோரம் நின்றிருந்தார். பந்து நேராகக் கேலரிப் பக்கம் திறந்து கிடந்த இடத்தில் நிதானமாக நுழைந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கோல் விழுந்தால் ஓடிப் போய்ப் பந்தை எடுக்க வேண்டும் என்கிற பழக்கத்தில், இந்த மனுஷன் திரும்பி முழு வேகத்தில் ஓடினார். வலை இருப்பது மறந்தே போய்விட்டது. தலை, கை, கால் எல்லாம் மாட்டிக்கொண்டு, அயிரை மீன் மாதிரி துள்ளிக்கொண்டிருந்தவரை எதிர் டீம்காரர்கள்தான் எடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூர் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு கோலும் விழுந்தது, அதே இடத்தில். இந்தத் தடவை அவர் ஓடவில்லை. வலைக்குள் கிடந்த பந்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கண்ணுக்கு அப்போதுதான் அது தெரிந்தது. எங்கள் லைன் வீட்டு ஜன்னல் மைதானத்தைப் பார்த்த ஜன்னல். பாத்திரம் கழுவும்போதும் காய் நறுக்கும்போதும் இத்தனை வருஷம் நான் பார்த்ததெல்லாம் இவர்கள் உதைப்பதைத்தான், திட்டிக்கொண்டே பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதானே. எங்கள் எஸ்டேட்டில் சனங்கள் உட்காருகிற பக்கம்தான் மேடு. இங்கே சனங்கள் உட்கார்ந்திருப்பது கேலரி. இவர்கள் காலுக்கு மேடு எது என்று எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும். நாங்கள் இருக்கிற பக்கம் உதைத்தால் பந்து சரிந்து வந்துவிடும் என்று இவர்கள் உடம்பு நம்பிக்கொண்டிருக்கிறது. பந்துக்கு அது தெரியவில்லை.

இடைவேளை விசில் அடித்தது. நான் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இன்னும் பாதி ஆட்டம் இருந்தால் போதும். நாக்-அவுட். சத்தியம் சத்தியம்தான், அவர் மீறுகிற ஆள் இல்லை. அடுத்த ஞாயிறே காரமடைக்குப் போகலாம். சேற்றுச் சட்டை துவைக்க வேண்டியதில்லை. நான் ஒரு தப்பும் செய்யப் போவதில்லை, சும்மா இருக்கப் போகிறேன், அவ்வளவுதான்.

கீழே எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் தள்ளி, கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார். இதுதான் கடைசி என்று அவர் முடிவே செய்துவிட்டார் என்று தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேலும் இல்லை, கோயம்புத்தூர்க்காரர்கள்மேலும் இல்லை. நல்ல டீம் வந்து அடித்துத் தோற்கடித்தால் நான் தேங்காய் உடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். இந்த மனுஷனின் இருபது வருஷத்தை ஒரு சமமான தரை முடித்து வைப்பதா? வலைக்குள் மீன் மாதிரி துள்ளியதுதான் கடைசியாக ஊர் பார்த்ததாக இருக்க வேண்டுமா? அது எனக்குப் பொறுக்கவில்லை.

எழுந்து போய் ஃபீல்டு ஆபீசரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நேராக உதைக்கச் சொல்கிறேன் என்றார். சொல்லவும் சொன்னார். ஆட்டம் மறுபடி ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் நேராக உதைத்துப் பார்த்தார்கள், யோசித்து யோசித்து, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நின்று நின்று. பிறகு வேகம் வந்ததும் யோசனை போய்விட்டது. பந்து மறுபடி எங்கள் புளிச்சோற்றைத் தேடி வந்தது. வாயால் சொன்னால் காலுக்குக் கேட்குமா?

பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்து எழுப்பினேன். "கேலரில பாதிச் சனம் என்ற கூட வாங்க" என்றேன். "எங்கக்கா?" என்றாள். "அந்தச் சொவத்தோரம்." அதற்குமேல் அவள் கேட்கவில்லை. லைன்காரப் பெண்களை நிற்கவைத்துப் பிரித்து அழைத்துப் போவதில் அவளுக்குப் பழக்கம் அதிகம். குடை, டிபன் கேரியர், கைக்குழந்தை எல்லாவற்றோடும் பாதிக் கூட்டம் கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு கிளம்பியது. நடுவில் வாட்ச்மேன் மறித்தார், அங்கே பொதுமக்கள் போகக் கூடாதாம். மருந்துப் பெட்டியை அவர் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டி, நான் மெடிக்கலுங்க என்றேன். இவர்களெல்லாம் யார் என்று அவர் கேட்டார். இவர்களும் மெடிக்கல் என்றேன். பின்னால் வந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

சுவரோரத்தில் நிழல் இல்லை. கொழுந்து எடுக்கும்போது கட்டுவதுபோலத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வெயிலில் வரிசையாக உட்கார்ந்தோம். எங்கள் ஆள் ஒருவன் பந்தோடு ஓடி வந்தவன் எங்களைப் பார்த்துவிட்டு நின்றான். திரும்பிக் கேலரியைப் பார்த்தான். அங்கேயும் எங்கள் சனம். இந்தப் பக்கம் பார்த்தான். இங்கேயும் எங்கள் சனம். இரண்டு பக்கமும் மேடாக இருந்தால் மனிதன் என்ன செய்வான்? குழம்பிப்போய் நேராக உதைத்தான். அது போய் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரனின் காலில் சேர்ந்தது. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து எடுக்க வந்து, எங்கள் லைனிலேயே தங்கிவிட்ட இளைஞன் அவன். அன்று முழுக்க அவனுக்குக் கிடைத்த முதல் பந்து அதுதான். இனி எப்போது கிடைக்குமோ என்று பயந்தவன்போல உடனே கோலுக்குள் அடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை. என்னென்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரி நினைவு வைத்திருக்கிறாள், நல்லது கெட்டதுகளில் சொல்லிக் காட்டுகிறாள். என் வீட்டுக்காரர் எங்களை ஒரு தடவை, கேலரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாக நகர்ந்து கோலின் நடுவில் வந்து நின்றார். இவ்வளவு வருஷத்தில் அவரை அந்த இடத்தில் நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஆட்கள் இரண்டாவது கோலும் போட்டார்கள். யார் போட்டார்கள் என்று தெரியவில்லை, கும்பலாகப் போய் மோதியதில் பந்து எப்படியோ உள்ளே போயிருந்தது. நேரம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு.

பெனால்டி என்றார்கள். ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றி நின்று உதைக்க வேண்டும், கோல்கீப்பர் தனியாக நின்று பிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, அம்மா தாயே, அந்தப் பழைய வேண்டுதலை மனதில் வைத்துக்கொள்ளாதே, அதைக் கேன்சல் செய்துவிடு, இரண்டு தேங்காயாக உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு உதைக்கும் கூட்டம் கத்துவது மட்டும் கேட்டது. கடைசி உதைக்குப் பக்கத்து வீட்டுக்காரி என் கண்ணிலிருந்த கையை இழுத்துவிட்டாள். இதைப் பிடித்தால் நாங்கள் ஜெயித்தோம்.

அவர் வலது பக்கம் பாய்ந்தார். பந்து இடது பக்கம் வந்தது. முழு நீளத்துக்குத் தப்பான திசையில் படுத்துவிட்டார், ஆனால் அந்த நெட்டைக் கால்கள் இரண்டும் இன்னும் வந்து சேராமல் பின்னால் கிடந்தன. பந்து அவருடைய குதிகாலில் பட்டு வெளியே போனது. எழுந்தவருக்குத் தான் தடுத்தது தெரியவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தவரை எங்கள் ஆட்கள் ஓடி வந்து தூக்கிய பிறகுதான் அவருக்கு விஷயமே விளங்கியது.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே கூச்சல். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேட்டுப்பாளையம் தாண்டி, மலைப்பாதையில் பர்லியாரில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை.

"ஏம்புள்ள, நான் இன்னையோட நிறுத்திக்கறேன்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நீ சனத்தைக் கூட்டிட்டு அந்தப் பக்கம் போனதப் பாத்தேன். எதுக்குப் போறேன்னு மொதல்ல வெளங்கல, பொறவு வெளங்குச்சு. நீ சும்மா உக்காந்திருந்தாலே போதும், கேட்டது கெடச்சிருக்கும். இத்தனை நாள் நிறுத்து நிறுத்துன்னு சொன்னவ எனக்காக வெயில்ல போயி உக்காந்தே பாரு, அது போதும் எனக்கு. அடுத்த ரவுண்டுக்கு வேற கோல்கீப்பர நிறுத்திக்கட்டும். இனி ஞாயித்துக்கெழமை உன்ற இஷ்டம்."

நான் இத்தனை வருஷம் கேட்டது அதுதான். நான் கட்டிய விரலும், வாங்கிய சத்தியமும், அம்மனிடம் வைத்த வேண்டுதலும் எல்லாம் இதற்காகத்தான். தட்டில் வைத்து நீட்டுகிறார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது, அப்படி ஒரு கோபம் எனக்கு அவர்மேல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"தோத்தா நிறுத்தறதுன்னுதானுங்க பேச்சு" என்றேன். "ஜெயிச்சுப்போட்டு நிறுத்தறதுக்கு நான் எப்ப ஒத்துக்கிட்டேன்? கற்பூரத்த அணைச்சுச் சொன்னது மறந்துபோச்சா?"

"அடுத்து வர்றது பெரிய டீமு புள்ள. டிவில எல்லாம் வர்றவனுக. பத்து கோல் போடுவானுக."

"போடட்டும். பத்தையும் வாங்கிப்போட்டு அப்புறமேலு நிறுத்துங்க. நான் வந்து உக்காந்து எண்ணறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, எட்டிப் பார்க்கிற நிலையில் நானும் இல்லை, என் கண்ணே சரியாக இல்லை. டீ குடித்தவர்கள் ஏறினார்கள். பஸ் கிளம்பியது. குன்னூர் வரும்வரை அவருடைய கையுறையை நான் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தேன்.